கருதலளவையும் உளநூற் சோதனையும்

அறியப்படும் பொருளை உள்ளவாறு அறிதற்குக் கருவியாவது அளவை. மரக்காலிற் பிழையிருப்பின் அதனால் அளந்த நெல்லின் கணக்கும் பிழைபடும். அதுபோல, அளவையின் இலக்கணத்தை ஓராது பொருளாராயப் புகுந்தார் பெற்ற முடிபும் பிழைபடும். இதுபற்றியே அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில், பதி பசு பாசம் என்னும் முப்பொருளின் இயல்பு கூறப் புகுமுன்னர், அளவையின் இயல்பை முகப்பில் வைத்து விளக்கியருளினார். பலவாக விரித்துரைக்கப்படும் அளவைகளெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் துணிபு.

இம்மூன்றனுள் இந்நாளில் மிகுதியாக வழங்குவதும், மிகுதியாகப் பிழைபடுவதும் கருதலளவையே. பத்திரிகைகளிலும் மேடைகளிலும், ‘மக்கள் இன்ன இயல்பினர் என்று உளநூலார் கண்டறிந்துவிட்டனர்’ என்னும் கூற்று நாடோறும் கேட்கப்படுகின்றது. உளநூலார் கண்டதோ சிலரிடத்து, ஒரு சோதனைச்சாலையில், சில நிமிட அளவில் நிகழ்ந்த ஒன்று. கூறப்படுவதோ எல்லா மக்கட்கும், எல்லா இடத்துக்கும், எல்லாக் காலத்துக்கும் உரிய ஒன்று. முன்னது காண்டல், பின்னது கருதல். இவ்விரண்டற்கும் இடையேயுள்ள வெளியைக் கடத்தற்குப் பாலம் உண்டா, உண்டெனின் அது யாது, என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஏதுவும் வியாத்தியும் உபாதியும்

மலையின்கண் புகையெழக் கண்ட ஒருவன் அங்கு நெருப்புண்டு எனத் துணிகின்றான். இங்கு மலை பக்கம், நெருப்புண்மை துணிபொருள், புகையுடைமை ஏது. புகையும் நெருப்பும் ஒருங்கு காணப்படும் அடுக்களை சபக்கம். இரண்டும் ஒருங்கே இல்லாத நீர்மடு விபக்கம். ஏதுவானது பக்கத்தில் உண்மையும், சபக்கத்தில் உண்மையும், விபக்கத்தில் இன்மையும் ஆகிய மூன்று இலக்கணமும் உடைத்தாதல் வேண்டும். இவ்விலக்கணம் குறைந்த ஏதுக்களை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் எனப் பெயரிட்டு மணிமேகலையின் 29ஆம் காதை விரித்துரைக்கும். சமயம் வேறாயினும் அளவை நூல் எல்லார்க்கும் பொதுவாதலின் அதனை ஈண்டுக் கொள்ளுதல் இழுக்கன்று.

புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது வியாத்தி. இதனைத் தலைகீழாக்கி, நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று கூறலாமோ எனின், ஆகாது. கொல்லன் உலையிற் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஆயினும், அடுக்களையை மட்டுமே கண்டு பழகினான் ஒருவன், தான் கண்ட நெருப்பெல்லாம் புகைந்தமையின், நெருப்பின் இயல்பே புகைதல் என்று மயங்குவான். அடுக்களையில் புகையை எழுப்பியது நெருப்பு மட்டுமன்று. ஈரவிறகின் சேர்க்கையும் ஆம். அவன் கண்ணுக்கு நெருப்புப் புலப்பட்டது. விறகின் ஈரம் புலப்படவில்லை. இவ்வாறு, மறைந்து நின்று உடனிகழ்ச்சிக்குக் காரணமாவதனைத் தருக்க நூலார் உபாதி என்பர்.

உளநூற் சோதனையை உலகிற்கு விரித்துரைப்பாரிடத்து நிகழும் பிழை பெரும்பாலும் இதுவே. சோதனைச்சாலை அவர்க்கு அடுக்களை; உலகம் மலை. அடுக்களையிற் கண்ட நெருப்பை மட்டும் எடுத்துரைத்து, ஈரவிறகைச் சொல்லாது விடுவர். எடுத்துக்காட்டுக்களால் இதனைத் தெளிக.

2. கூட்டத்திடைப்பட்டார்க்கு உதவி

1964ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் பின்னிரவில், அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்துக் குவீன்ஸ் பகுதியில், கிட்டி ஜெனோவீஸ் என்னும் 28 வயதுப் பெண் தம் இல்லத்தின் அருகே ஒருவனாற் கத்தியாற் குத்துண்டு இறந்தார். இரண்டு கிழமை கழித்து நியூயார்க் டைம்ஸ் என்னும் பத்திரிகை, 38 பேர் இக்கொடுமையைப் பார்த்திருந்தனர் என்றும், தாக்குதல் நிகழ்ந்த பொழுதில் ஒருவரேனும் காவலரை அழைத்திலர் என்றும் எழுதிற்று. நகர மாந்தர் நெஞ்சம் கல்லாயிற்று என்று பலரும் இரங்கினர்.

இதனால் தூண்டப்பட்ட ஜான் டார்லி, பிப் லாட்டனே என்னும் உளநூலாசிரியர் இருவர் 1968இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். சர்வகலாசாலை மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் இருத்தப்பட்டனர். ஒருவர் முகத்தை ஒருவர் காண இயலாது; காதிற் பொருத்திய கருவியின் வழியே குரல் மட்டும் கேட்கும். தம் மாணவ வாழ்க்கையின் இடர்களைப் பற்றி அவர்கள் உரையாடல் வேண்டும். ஏனையோர் குரல்களாகக் கேட்டவை முன்னரே பதிந்துவைத்த குரல்கள். இது மாணவர்க்குத் தெரியாது. உரையாடலின் இடையே, பேசிக்கொண்டிருந்த ஒருவர் வலிப்பு வந்து நாத்தடுமாறி உதவி வேண்டிக் கதறுவதாகக் கேட்டது. அவர்க்கும் தமக்கும் அப்பால் வேறொருவரும் இல்லை என்று எண்ணியிருந்த மாணவருள் நூற்றுக்கு 85 பேர் அக்குரல் ஓயுமுன் எழுந்து சென்று அறிவித்தனர். தம்மையன்றி மேலும் நால்வர் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணியவருள் நூற்றுக்கு 31 பேரே அவ்வாறு செய்தனர். செயற்பொறுப்புப் பலரிடையே பகிரப்பட்டு ஒவ்வொருவரிடத்தும் மெலிகின்றது என்பது ஆசிரியர் இருவரும் கொண்ட முடிபு.

இம்மட்டில் குற்றமில்லை. இதன் பின்னர் உலகிற் பரவிய கூற்றோ, ‘பலர் கூடிய இடத்தில் இடுக்கண் உற்றார்க்கு உதவி கிட்டாது, கூட்டம் கல்நெஞ்சுடையது’ என்பது. சோதனைக்கும் இக்கூற்றிற்கும் இடையே பிழை மூன்று உள.

முதலாவது, அளக்கப்பட்டது ஒன்று, கூறப்பட்டது மற்றொன்று. நெஞ்சின் கடுமை அச்சோதனையில் அளக்கப்படவில்லை. எழுந்து சென்று அறிவித்தலே அளக்கப்பட்டது. எழாதிருந்த மாணவர் கை நடுங்கியும் வியர்த்தும் இருந்தனர் என்றும், சோதகர் உள்ளே சென்றபொழுது நோயுற்றவர்க்கு உதவி கிடைத்ததா என்று வினவினர் என்றும் அவ்வாசிரியரே எழுதியுள்ளனர். இரக்கம் இன்மையன்று, துணிவு பெறாமையே அங்கு நிகழ்ந்தது. செயலின்மையைக் கண்டு இரக்கமின்மையைத் துணிதல், இரக்கம் உடையாரிடத்தும் இல்லாரிடத்தும் ஒப்பக் காணப்படும் ஏதுவைக் கொண்டு துணிதலாம், இஃது அநைகாந்திகம்.

இரண்டாவது, ஒவ்வொருவரும் உதவும் அளவு குறைதல் வேறு. இடருற்றவர் உதவி பெறாமை வேறு. ஐவர் கேட்டிருக்க, ஒவ்வொருவரும் எழுவது நூற்றுக்கு 31 என்க. ஒருவர் செயல் மற்றவர் செயலைச் சாராதென்று வைத்துக் கணக்கிடின், ஐவருள் ஒருவரேனும் எழுவது நூற்றுக்கு 84 ஆகும். தனியொருவர் கேட்டபொழுது கண்ட அளவு 85. இடருற்றவர் நிலையினின்று நோக்கின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. உதவுவாரைப் பற்றிய முடிபை உதவி பெறுவாரைப் பற்றிய முடிபாக மாற்றிக்கொண்டமை பக்கத்தை மாற்றிக்கொண்டமையாம்.

மூன்றாவது, அச்சோதனையின் ஈரவிறகு மறக்கப்பட்டது. அங்கு ஒருவரை ஒருவர் காணவில்லை. கண்ணாற் குறிப்பறியவும், ‘நீவிர் ஓடுக, யான் பிடிக்கின்றேன்’ எனக் கூறவும் வழியில்லை. வீதியில் நிற்பார் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பர். ஒருவர் முன்செல்லின் மற்றவர் துணிவு பெறுவர். பலர் செய்த இத்தகைய சோதனைகளை ஒருங்கு தொகுத்து, 7,700க்கு மேற்பட்ட மக்களைப் பற்றிய கணக்குக்களைக் கொண்டு 2011இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, மெய்யாகவே ஆபத்து மிக்க இடத்தில் கூட்டத்தால் வரும் தளர்ச்சி குறைகின்றது என்று கண்டது. அதன்பின், ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் என்னும் மூன்று நகரங்களின் வீதிகளில் அமைந்த கண்காணிப்புக் கேமராக்கள் பதிந்த 219 பூசல்களை ஆராய்ந்தோர் 2019இல் தம் முடிபை வெளியிட்டனர். அவற்றுள் நூற்றுக்கு 91 இடங்களில், அயலார் ஒருவரேனும் இடைபுகுந்து தணிக்க முயன்றனர். கூட்டம் மிகுந்தபொழுது யாரேனும் ஒருவர் உதவுதலும் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

முதலில் இவ்வாராய்ச்சிகளுக்கெல்லாம் வித்தாக நின்ற செய்தியும் பின்னர்ப் பிழையெனப் பட்டது. 38 பேர் வாளா பார்த்திருந்தனர் என்பதற்குச் சான்றில்லை என்று 2007இல் ஆராய்ச்சியாளர் மூவர் எடுத்துக்காட்டினர். அயலார் ஒருவர் கூவ, கொலைஞன் முதலில் விலகிச் சென்றான். இரண்டாம் தாக்குதல் பெரும்பாலார் கண்ணுக்குப் புலனாகாத மாடிப்படியின் அடியில் நிகழ்ந்தது. இறக்கும் பெண்ணை அண்டையிலிருந்த பெண்மணி ஒருவர் ஓடிச்சென்று தாங்கிக்கொண்டார். தன் பழைய செய்தி குறையுடையது என அப்பத்திரிகையே 2016இல் ஒப்புக்கொண்டது.

இனி, வீதியின் கண்காணிப்பால் வந்த முடிபையும் அளவிறந்து விரித்தல் ஆகாது. அவை மூன்று நகரங்களின் நடுவிடத்துப் பூசல்கள். ஆளில்லா வழியில் விழுந்த நோயாளிக்கு அதே கணக்கைப் பொருத்துதல் மீண்டும் அப்பிழையே ஆம்.

3. சோதிக்கப்பட்டார் யாவர்

சூழலால் வரும் உபாதி ஒருபுறமிருக்க, சோதிக்கப்பட்டவரால் வரும் உபாதியும் உண்டு. உளநூலின் சிறந்த வெளியீடுகள் ஆறனுள் வந்த ஆராய்ச்சிகளைக் கணக்கிட்டு 2008இல் ஆர்நெட் என்பார் எழுதியது: சோதிக்கப்பட்டவருள் நூற்றுக்கு 96 பேர் மேலைத் தொழில்வள நாட்டினர், அந்நாடுகளில் வாழ்வோரோ உலக மக்களுள் நூற்றுக்கு 12 பேரே. ஹென்ரிக் முதலிய மூவர் 2010இல், அம்மக்கள் பல துறைகளில் உலகத்தாரின் பொதுவியல்புக்கு எடுத்துக்காட்டாகாது புறனடையாய் நிற்கின்றனர் என்று விரிவாக நிறுவ முற்பட்டனர்.

எண்ணத்திலும் ஒழுக்கத்திலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருத்தல் வியப்பன்று. கண்ணாற் காண்டலிலும் வேறுபாடு உண்டோ எனின், அதற்கும் ஒரு பழைய சான்று உண்டு. அதன் ஒரு பகுதி நீலகிரியில் நிகழ்ந்தது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளை வரைந்து, ஒன்றன் இருமுனையிலும் சிறுகோடுகள் வெளிநோக்கி விரியவும், மற்றொன்றன் இருமுனையிலும் உள்நோக்கி மடங்கவும் செய்தால், முன்னது நீண்டும் பின்னது குறுகியும் தோன்றும். செர்மானியராகிய முல்லர்-லையர் 1889இல் இதனை வெளியிட்டார். இங்கிலாந்தினராகிய ரிவர்ஸ் என்பார் 1898இல் டாரஸ் நீரிணைத் தீவினரிடத்தும், 1901-02இல் நீலகிரித் தோடரிடத்தும் சென்று இதனைச் சோதித்தார். இவ்விருவகையாரும் ஆங்கிலேயரினும் குறைவாகவே இக்கோடுகளால் மயங்கினர். ஆயினும், நின்ற கோட்டையும் கிடந்த கோட்டையும் ஒப்பிடும் வேறொரு மயக்கத்தில் இவர்கள் ஆங்கிலேயரினும் மிகுதியாக மயங்கினர். எனவே, ஒருசாரார் கூரிய கண்ணினர், ஒருசாரார் மழுங்கிய கண்ணினர் என்று கூறுதற்கும் இடமில்லை.

1966இல் செகால், காம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் மூவர் பல நாட்டு மக்களிடத்து இச்சோதனையைச் செய்து வெளியிட்டனர். முல்லர்-லையர் கோடுகளால் அமெரிக்க நகரத்தார் மிக மயங்கினர்; தென்னாப்பிரிக்கக் காலஹாரிப் பாலை மக்கள் ஏறக்குறைய மயங்கவே இல்லை. மூலையும் சுவரும் நேர்கோடாக அமைந்த மனைகளில் வளர்ந்தோர் கண் அவ்வமைப்பிற்குப் பழகியதே காரணம் என்பது அவர் கருத்து. இவ்வேறுபாட்டின் அளவு பற்றியும் காரணம் பற்றியும் ஆராய்ச்சியாளரிடையே வாதம் இன்றும் உண்டு. அவ்வாதம் எவ்வாறு முடியினும், பழுதையைப் பாம்பெனக் காணும் திரிபுக்காட்சி எல்லார்க்கும் ஒரே அளவினது என்று, ஒரு நகரத்தாரை மட்டும் கண்டு, வினவாமலே முடித்தல் ஆகாது என்பது மட்டும் பெறப்படும்.

4. சார்ந்ததன் வண்ணமாதல்

சோதனைச்சாலையிற் கண்டது உலகிற் பிறழ்தற்குக் காரணம் யாது? சோதகரின் கவனக்குறைவு மட்டும் அன்று. அறியப்படும் பொருளாகிய உயிரின் இயல்பே அதற்குக் காரணம் என்று சித்தாந்தம் காட்டும். கல்லையும் இரும்பையும் சோதிப்பார்க்கு இவ்விடர் இத்துணை இல்லை. உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் தன்மையது. படிகம் செம்மலரை அடுத்தவழிச் சிவந்தும், நீலமலரை அடுத்தவழி நீலமாயும் தோன்றும். ஒருமுறை செம்மலரின் அருகே கண்டு, படிகம் செந்நிறத்தது என எழுதிவைப்பான் படிகத்தை அறிந்தான் அல்லன். மலரையும் அறிந்தான் அல்லன். இதனால் உயிர்க்குத் தனக்கென இயல்பில்லை என்பது கருத்தன்று. இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் உயிர்க்கு உண்டு; அவை விளங்குவதும் மறைவதும் சார்பு பற்றியன என்பதே கருத்து.

இதற்கு மேலைநாட்டார் சோதனையே சான்று பகர்கின்றது. 1973இல் டார்லியும் பாட்சன் என்பாரும், பிரின்ஸ்டன் நகரத்துக் கிறித்தவ குருத்துவக் கல்லூரி மாணவர் 40 பேரைச் சோதித்தனர். சொற்பொழிவு ஆற்றுதற்பொருட்டு ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்லும் வழியில், வாயிலிற் சாய்ந்து இருமிக்கொண்டு ஒருவர் கிடந்தார். காலம் உண்டு எனக் கூறப்பட்டுச் சென்றவருள் நூற்றுக்கு 63 பேர் அவர்க்கு உதவினர். மிக விரைக எனக் கூறி ஏவப்பட்டவருள் நூற்றுக்கு 10 பேரே உதவினர். மாணவருள் ஒரு பகுதியார் ஆற்றவிருந்த சொற்பொழிவு, வழியில் அடிபட்டுக் கிடந்தானுக்கு உதவிய நல்லோனைப் பற்றிய விவிலியக் கதையே. அக்கதையை நெஞ்சில் வைத்துச் சென்றமையும் வேறுபாடு விளைத்ததாகத் துணிய இடமில்லை. மாணவர் சிலரே ஆதலின் இக்கணக்கை எங்கும் பொருத்துதல் கூடாது. ஆயினும், ஒரே கல்லூரியில் ஒரே நெறியிற் பயின்றார் செயல், விரைவு என்னும் சிறு சார்பு ஒன்றால் வேறுபட்டமை கருதத் தக்கது.

சார்பை மறந்து உயிரைத் தீர்ப்பிடுதலால் விளையும் கேடு, குழந்தைகளைப் பற்றிய சோதனை ஒன்றால் நன்கு விளங்கும். அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த மழலைப் பள்ளியில் வால்டர் மிஷல் என்பார் 1960களின் இறுதி தொடங்கிச் செய்தது அது. குழந்தையின் முன் இனிப்புப் பண்டம் ஒன்று வைக்கப்படும். சோதகர் வெளியே சென்று திரும்பும் வரை உண்ணாதிருந்தால் இரண்டு கிடைக்கும், பொறுக்கலாற்றாதாயின் ஒன்றே. நெடும்பொழுது பொறுத்த குழந்தைகள் வளர்ந்தபின் கல்வித் தேர்வுகளில் மேம்பட்டனர் என்று 1990இல் வெளியிடப்பட்டது. அம்முடிபிற்கு அடியாய் நின்றோர் அவ்வொரு பள்ளியின் குழந்தைகளுள் மிகச் சிலரே. ஆயினும், நாலு வயதிற் பொறாத குழந்தை நாற்பது வயதிலும் உருப்படாது என்பது போன்ற ஒரு கருத்து உலகெங்கும் பரவிற்று.

2013இல் ராசெஸ்டர் நகரத்தில் 28 குழந்தைகளிடத்து இச்சோதனை வேறொரு வகையாற் செய்யப்பட்டது. முதலில், வண்ணக்கோல்கள் முதலியன கொண்டுவந்து தருவதாகச் சோதகர் கூறினர். ஒரு பகுதிக் குழந்தைகட்குச் சொன்னபடி கொடுத்தனர். மற்றொரு பகுதிக் குழந்தைகட்குக் கொடாது பொய்த்தனர். அதன் பின்னரே இனிப்பு வைக்கப்பட்டது. சொல் மெய்யாகக் கண்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தனர். சொல் பொய்க்கக் கண்டவர் 3 நிமிடமே பொறுத்தனர். 2018இல், 900க்குச் சற்று மிகுந்த குழந்தைகளின் கணக்கைக் கொண்டு, பட்டம் பெறாத தாய்மாரின் மக்களை முதன்மையாக வைத்து, வாட்ஸ் முதலிய மூவர் மீளவும் ஆராய்ந்தனர். பொறுமைக்கும் பிற்காலக் கல்விக்கும் உள்ள தொடர்பு முன்னர்க் கூறியதிற் பாதியளவே எனக் கண்டனர். குடும்ப நிலையும் குழந்தையின் இளமையறிவும் வீட்டுச் சூழலும் கணக்கிற் கொள்ளப்பட்டபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

இங்குக் கருதலளவை செய்வார் இருவர் உளர் என்பது நோக்கத் தக்கது. ஒருவர் சோதகர்; மற்றொருவர் குழந்தை. ‘முன் கூறிய சொல் பொய்த்தது, ஆதலின் இச்சொல்லும் பொய்க்கும், ஆதலின் கையிலுள்ளதை உண்பதே தக்கது’ என்று குழந்தை கருதுகின்றது. நாளைய சோறு உறுதியில்லாத வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு இக்கருத்து அறிவின்மையன்று; தான் கண்டதன்வழிப் பெற்ற துணிபு. அதனைக் காணாது, ‘இக்குழந்தை அடக்கமில்லாதது, இதன் பின்னாள் இன்னது’ என்று முடிக்கும் பெரியோர் கருதலினும் குழந்தையின் கருதல் செவ்விதன்றோ? பள்ளியில் ஆசிரியர் ஒருவர் இத்தகைய அரைகுறைக் கேள்வியைக் கொண்டு ஒரு மாணவனை ஒதுக்குவாராயின், படிகத்தை உடைத்துவிட்டு நிறத்தைப் பழித்தவர் ஆவர்.

5. தடையும் விடையும்

அற்றேல், சோதனைச்சாலையிற் கண்டது எதுவும் உலகிற்குப் பயன்படாது என்று கொள்ளலாமோ எனின், அன்று. அவ்வாறு கொள்ளுதல் கருதலளவையையே மறுத்துக் காட்சி ஒன்றே அளவை என்னும் உலகாயதன் கொள்கையாய் முடியும். பரபக்கத்தின் தொடக்கத்திலேயே அக்கொள்கை மறுக்கப்பட்டது.

பெருந்தொகையினரைச் சோதித்தால்தான் முடிபு உலகிற் பொருந்துமோ எனின், அதுவும் நியதியன்று. எப்பிங்கௌஸ் என்னும் செர்மானியர் 1885இல் மறதியின் இயல்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சோதித்தவரும் சோதிக்கப்பட்டவரும் அவர் ஒருவரே. பொருளில்லா அசைகளை மனனம் செய்து, எத்துணை நேரத்தில் எத்துணை மறந்தது என்று தம்மையே அளந்தார். மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழும் என்றார். 2015இல் ஆம்ஸ்டர்டாமில் மீளச் சோதித்தபோதும் அக்கணக்கு ஏறக்குறைய அவ்வாறே வந்தது. ஒரே இருப்பிற் பலகால் ஓதுவதினும் நாளிடையிட்டு ஓதுவது நெஞ்சில் நிற்கும் என்னும் முடிபு, சிறார் முதியோர் எனப் பலரிடத்தும், சொல் கணக்கு எனப் பல பொருளிடத்தும் சோதிக்கப்பட்டு நிலைபெற்றுள்ளது. ஒரு நூலை இருகாலும் முக்காலும் கேட்டற்பயனை நன்னூலார் கூறியதனோடு இது முரணாது. எனவே, முடிபுக்கு வலிமை தருவது தலைக்கணக்கு மட்டுமன்று. சார்பு மாறியவழியும் அம்முடிபு மாறாது நிற்றலே. சபக்கம் பலவற்றில் தேர்ந்து, விபக்கத்தைத் தேடியும் காணாமை அதுவாம்.

இனி, கருதலுக்கு முன்னர்க் காண்டலே நிலைபெறல் வேண்டும். உளநூல் வெளியீடுகள் மூன்றில் வந்த 100 ஆராய்ச்சிகளைப் பலர் கூடி மீளச் செய்து 2015இல் வெளியிட்டனர். முதலிற் செய்தபோது நூற்றுக்கு 97 ஆராய்ச்சிகள் தாம் கூறிய வேறுபாடு உண்மையெனக் காட்டின; மீளச் செய்தபோது 36 மட்டுமே அவ்வாறு காட்டின. ஒருமுறை தோன்றிய காட்சி ஐயக்காட்சியோ தெளிவுக்காட்சியோ என்பது மறுமுறை காணாமல் விளங்காது. இவ்வாறு தம் குறையைத் தாமே வெளியிட்ட உளநூலாரின் நேர்மை போற்றத் தக்கது.

6. சைவ நன்மக்கள் கருதத் தக்கது

இத்துணையும் பிறர் குற்றம் கூறியதாக முடிந்துவிடலாகாது. சமயச் சொற்பொழிவுகளில் இதே பிழை நிகழக் காணலாம். ‘தியானத்தின் பயனை மேலைநாட்டார் சோதித்து ஒப்புக்கொண்டனர், ஆதலின் ஐந்தெழுத்து ஓதுதலின் உண்மை நிறுவப்பட்டது’ என்று கூறுவார் உளர். 47 சோதனைகளையும் அவற்றிற் கலந்துகொண்ட 3,515 பேரையும் பற்றி 2014இல் வெளிவந்த மருத்துவத் தொகுப்பாராய்ச்சி ஒன்று, மனத்தை ஒன்றன்கண் நிறுத்தும் பயிற்சிகளால் கவலை, மனச்சோர்வு, உடல்நோவு ஆகியன ஓரளவு தணிதற்கு நடுத்தரமான சான்று உண்டு என்றது. மருந்து, உடற்பயிற்சி முதலியவற்றினும் அப்பயிற்சிகள் மேம்பட்டன என்பதற்குச் சான்றில்லை என்றும் அதுவே கூறிற்று. அங்கு அளக்கப்பட்டது கவலையின் அளவு. ஐந்தெழுத்தின் பயனாக நூல்கள் கூறுவது மலநீக்கமும் திருவடிப்பேறும். பக்கமும் வேறு, துணிபொருளும் வேறு. தமக்கு இசைந்த முடிபு வந்தபோது ஈரவிறகை மறைப்பதும், இசையாத முடிபு வந்தபோது அதனைத் தேடி எடுப்பதும் அளவை நூல் வல்லார்க்கு அழகன்று. திருவடிப்பேறு உரையளவைக்கு உரியது. அதற்குச் சோதனைச்சாலைக் கணக்கை முட்டுக்கொடுத்து நிறுத்தினால், நாளை அக்கணக்கு மாறியபோது முட்டும் விழும். கேட்டார் நம்பிக்கையும் உடன்விழும்.

ஆகவே, ‘உளநூலார் கண்டறிந்தனர்’ என்னும் கூற்றைக் கேட்டவழி வினவத் தக்கன ஐந்து. சோதிக்கப்பட்டவர் யாவர்? எச்சார்பில் நிறுத்தப்பட்டனர்? அளக்கப்பட்டது யாது, அதன்மேல் ஏற்றிக் கூறப்படுவது யாது? சார்பு மாறிய இடத்தில் மீளக் காணப்பட்டதா? மாறாகக் கண்டார் எவரேனும் உளரா? இவ்வைந்திற்கும் விடை கிடைத்தவிடத்து அம்முடிபை அதன் எல்லையளவிற் கொள்ளுக. விடை கிடையாதவிடத்து அதனைப் பொய்யென்று தள்ளவும் வேண்டா. மெய்யென்று பிறர்மேல் ஏற்றவும் வேண்டா. ஐயத்தை ஐயமாகவே வைத்திருத்தலும் அறிவின் ஒரு நிலையே.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் கொள்கை, ஒருவரை ஒருமுறை கண்டு முடித்துவிடாதே என்று தடுக்கும் கொள்கையாம். இன்று ஒரு சார்பில் வாளாவிருந்தவர் நாளை வேறொரு சார்பில் ஓடிச்சென்று தாங்குவர். இன்று பொறாத குழந்தை, சொல் மெய்க்கும் வீட்டிற் பொறுக்கும். நல்லாரிணக்கமும் திருக்கோயில் வழிபாடும் சார்பாக வகுக்கப்பட்டமை இதுபற்றியே. சார்பு மாறின் உயிரின் விளக்கமும் மாறும் என்னும் உறுதி இல்லையாயின், அருள்நூல்களின் உபதேசமெல்லாம் பயனற்றனவாய் ஒழியும் என்றுணர்க.

திருச்சிற்றம்பலம்